ஊசியின் காது

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள் சொன்னது என் காதில் விழுந்தது.

“ஊசிக்குக் காது கேக்குமான்னு எம்பொண்ணு கேட்டுச்சிக்கா.”

“இன்னாடி சொல்ற? அதுக்குத்தான் பொறந்ததுலேர்ந்தே காது கேக்காதே!”

“ஆப்ரேஷன் பண்ணி மிஷினு வெச்சாங்க இல்ல? பேச்சுப் பயிற்சிக்கும் இட்டுக்கினு போறேன். சொல்லிக் குடுக்கிறத திருப்பிச் சொல்லும், அவ்ளோதான். தானா ஒண்ணும் பேசினதே இல்லக்கா.”

“அப்பறம்?”

“நேத்து அது பாவாடைய தெச்சிக்கினு இருந்தேன். ஊசி காதுல நூலு நுழைய மாட்டேங்குதேன்னு வாய்க்குள்ளயே முணுமுணுத்துக்கினேன். அந்தாண்ட பாத்து வெளையாடிக்கினு இருந்தது சட்டுனு திரும்பிச்சி. தன் காத தொட்டுக் காட்டி, ‘ஊசிக்குக் காதா?’ன்னுது. ஆமாம்மா, சட்டிக்கும் காது கீது, துணிப்பைக்கும் காது கீதுன்னு காட்டினேன். ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்துச்சி. அப்பறம் ஊசிய பாத்து, ‘இதுக்குக் கேக்குமா?’ன்னுது.”

“யாரும் சொல்லிக் குடுக்காமயா?”

“தானாத்தான்க்கா.”

மூத்தவள் கையிலிருந்த டிக்கெட் நழுவி விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

“நீ இன்னா சொன்ன?”

“ஊசிய கீழ வெச்சிட்டேன். இன்னொரு வாட்டி கேளும்மான்னேன்.”

“கேட்டுச்சா?”

“கேட்டுக்கினே இருந்துச்சி. நானும் கேட்டுக்கினே இருந்தேன்.”