அமலோற்பவம் சுரண்டிய தரை

பிரசங்கத்தைத் தொடங்குறப்போ சமாதானம்னு ஒரு வார்த்தை சொன்னேன். அதை விளக்குறதுக்கு முன்னாடி ஒரு அம்மாவைப் பத்திச் சொல்லணும். சின்னக் கதைதான்... செல்போனை மட்டும் கொஞ்ச நேரம் உள்ள வெச்சுட்டுக் கேளுங்க.

கடலோரத்துல ஒரு ஊர். அங்க அமலோற்பவம்னு ஒரு பிசியோதெரபிஸ்ட். விபத்துல கால் போனவங்களுக்கு, செயற்கைக் கால் மாட்டி நடக்கப் பழக்குறதுதான் அவங்க வேலை. பல வருஷம் வாடகை வீட்டுல நெருக்கடியில நடத்தினாங்க. கடைசியா சொந்தமா ஒரு ஹால் கட்டினாங்க. கட்டிக் கொடுத்தது யாரு? கூடப்பிறந்த தம்பி பெஸ்கி. அவர் கட்டட கான்ட்ராக்டர்.

சுவர் எழும்பிடுச்சு. கூரையும் போட்டாச்சு. தரைக்கு வந்ததும் அக்காவுக்கும் தம்பிக்கும் முட்டிக்கிச்சு. கான்கிரீட்டையே மெஷின் வெச்சுத் தேய்ச்சு பாலிஷ் போட்டாப் போதும்னாங்க அக்கா. தம்பி எபாக்ஸிதான் போடணும்னார். எபாக்ஸி தெரியும்ல? ஆஸ்பத்திரியில, கார் ஷோரூம்ல பார்த்திருப்பீங்க. பிசின் மாதிரி ஊத்திப் பரப்புவாங்க. காய்ஞ்சதும் கண்ணாடி மாதிரி மின்னும்.

தம்பி சொன்ன காரணமும் லேசுப்பட்டது இல்ல. "அக்கா, காலை இழந்துட்டு வர்றவங்க. உள்ள வந்ததும் குடோன் மாதிரி சாம்பல் தரையையா பார்க்கணும்? அழகா ஒண்ணைப் பார்க்கட்டுமே."

அக்கா சரின்னுட்டாங்க.

பச்சை நிறத்துல எபாக்ஸி போட்டாங்க. பார்க்க வந்தவங்க எல்லாம் குனிஞ்சு தரையைத் தடவிப் பார்த்தாங்க. திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சு, ஊருக்கெல்லாம் அழைப்பிதழும் கொடுத்தாச்சு.

விழாவுக்கு முன்னாடி ஒருநாள் காலையில, சுடலைமணின்னு ஒருத்தரை அங்க நடக்க வெச்சுப் பார்த்தாங்க. லாரி ஓட்டினவர். ஒரு கால் முழங்காலுக்குக் கீழ இல்ல. மாசக்கணக்கா கம்பியைப் பிடிச்சே நடந்தவர், அன்னைக்குத்தான் முதல் தடவையா கையை விட்டார். ஒரு அடி... இன்னொரு அடி... அவர் சம்சாரம் மூச்சை அடக்கிட்டுப் பார்க்குறாங்க... ஹால் நடுவுல அந்தக் கால் எதுலயோ தட்டி, மனுஷன் விழுந்துட்டார்.

அடி பெருசா இல்ல. ஆனா என்ன பண்ணார் தெரியுமா? செயற்கைக் காலைக் கழட்டி ஓரமா வெச்சார். "எனக்கு இது வராதும்மா... விட்டுருங்க"ன்னார்.

அமலோற்பவம் குனிஞ்சு தடவிப் பார்த்தாங்க. உள்ளங்கை அளவுக்குத் தரை கொப்புளம் மாதிரி உப்பியிருக்கு. தம்பியை வரச் சொன்னாங்க. பார்த்ததுமே அவருக்குப் புரிஞ்சுது. கடலோர மண்ணு. அடியில எப்பவும் ஈரம். கான்கிரீட் காய்ஞ்சிருக்கான்னு சோதிக்காம, அவசரத்துல போட்டுட்டார். ஈரம் போக வழியில்லாம மேல முட்டுது. எபாக்ஸி மேல குத்தம் இல்லங்க. காய்ஞ்ச தரையில அது நல்லாவே நிக்கும். அடியில என்ன இருக்குன்னு பார்க்காம போட்டதுதான் குத்தம்.

இப்போதைக்கு அந்த இடத்தை மட்டும் ஒட்டிட்டு, மேல கம்பளம் விரிச்சுடலாம்னார் தம்பி. "விழா முடியட்டும்க்கா. ஊரே வருது. என் பேரும் இதுல இருக்குல்ல?"

அக்கா சொன்னாங்க: "கம்பளம் போட்டா கண்ணுக்குத் தெரியாது பெஸ்கி. காலுக்குத் தெரியும்."

மொத்தத் தரையையும் எடுக்கணும்னு உறுதியா நின்னாங்க. தம்பி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார்.

மறுநாள் அமலோற்பவம் சுடலைமணி வீட்டுக்கே போய், வரமாட்டேன்னவரைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தாங்க. தரையில உட்கார வெச்சு, அவர் கண் முன்னாடி அந்தக் கொப்புளத்தைக் கத்தியால கீறினாங்க. தண்ணி கசிஞ்சுது. "தொட்டுப் பாருங்கண்ணே. நீங்க சரியாத்தான் நடந்தீங்க. தரைதான் சரியில்ல."

சொல்லிட்டு, ஒரு சுரண்டியை எடுத்து அந்தப் பச்சையை உரிக்க ஆரம்பிச்சாங்க. சுடலைமணி ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் அவங்க கையில இருந்த சுரண்டியைக் கேட்டு வாங்கினார்.

சுரண்டுற சேதி தெரிஞ்சு, பெஸ்கி நிறுத்தணும்னுதான் ஓடி வந்தார். வாசல்லயே நின்னுட்டார். கால் இல்லாத ஒரு மனுஷன், உட்கார்ந்த வாக்குல நகர்ந்து நகர்ந்து, இவர் போட்ட தரையைச் சுரண்டிக்கிட்டு இருக்கார்... பார்த்தார். வெளிய போய், தேய்க்கிற மெஷினுக்குப் போன் பண்ணார்.

விழா நாளுக்குள்ள வேலை முடியல. விருந்தாளிங்க வந்துட்டாங்க. உள்ள ஒரே சத்தம், தூசு. பெஸ்கியே வாசலுக்குப் போனார். "நான் போட்ட தரைங்க. அடியில ஈரம் இருக்கான்னு பார்க்கல. அதுல ஒருத்தர் விழுந்துட்டார். சரி பண்ணிட்டுக் கூப்பிடுறேன்"னார். சில பேர் முணுமுணுத்தாங்க. தலைமை தாங்க வந்தவர் காரைத் திருப்பிட்டுப் போயிட்டார். அப்புறம் கூப்பிட்டும் வரல. அதையும் சொல்லணும்ல?

ஹால் தாமதமாத்தான் திறந்துச்சு. சாம்பல் தரைதான். அங்கங்க ஜல்லி தெரியுது, ஒரு விரிசல் கோடுகூடத் தெரியுது. ஈரம் இன்னைக்கும் ஏறுது. ஏறி, காத்துல போயிடுது. மேல உரியுறதுக்கு ஒண்ணும் இல்லையே. அதுல சுடலைமணி இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு, எதையும் பிடிக்காம நடந்தார்.

ஏன் இதைச் சொன்னேன்? ஞாயித்துக்கிழமை நம்ம கோவில் கொடியேத்தம். பெயிண்ட் அடிச்சாச்சு, சீரியல் லைட் கட்டியாச்சு. ஆனா போன திருவிழாவுல சப்பரம் தூக்குறப்போ வந்த சண்டைக்கு அப்புறம், வடக்குத்தெருவும் தெக்குத்தெருவும் முகம் பார்க்குறது இல்ல. என்கிட்ட வந்து என்ன சொல்றீங்க? 'சாமி, திருவிழா நல்லபடியா முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்'... அப்படித்தானே? யாரு விழுறான்னு பார்த்தீங்களா? நீங்க விழல. இந்தத் தெருவுல பிறந்து அந்தத் தெருவுக்கு வாழப் போன பொண்ணு விழுறா. அம்மா வீட்டுக்கு வரமுடியாம, தன்கிட்டதான் ஏதோ குறைன்னு நினைச்சு அழுறா. மேல இத்தனை அலங்காரம் பண்றோமே, அடியில என்ன இருக்குன்னு பார்த்தோமா?

அதனால உங்க பங்குச்சாமியா சொல்றேன். சனிக்கிழமைக்குள்ள ரெண்டு தெருவும் என் முன்னாடி உட்கார்ந்து பேசணும். பழசெல்லாம் கிளறும். சங்கடமா இருக்கும். இருக்கட்டும். பேசி முடிக்காம கொடி ஏறாது.

எந்தத் தெரு முதல்ல வர்றீங்க?