சின்னத் துப்பாக்கியை எடுத்த காரணம்

“மானுக்குத் தான் சாகப்போறோம்னு தெரியுமாப்பா?” என்று என் மகள் முத்துமீனா கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. இட்லியைச் சீனியில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் சாப்பிடும்போதுதான் இப்படிக் கேட்கிறார்கள். உங்கள் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருப்பதாகச் சொன்னீர்கள், ஐயா. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நீங்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்வி. இரண்டு துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஏன் சின்னதை எடுத்தாய் என்று. அந்த இட்லித் தட்டிலிருந்து தொடங்கினால்தான் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியும்.

அழகர்மலை அடிவாரத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் கொய்யாத் தோப்பு. பயிர்க்காவலுக்கு என்று அப்பா வாங்கிய லைசென்ஸ் பிறகு என் பேருக்கு மாறியது. அதில் இரண்டு துப்பாக்கிகள். ஒன்று முந்நூற்றுப் பதினைந்து, பெரிய தோட்டா. மற்றது இருபத்திரண்டு. அதன் ஈயம் ஒரு பட்டாணி அளவுதான். சத்தமும் காய்ந்த மட்டை முறிகிற மாதிரிதான் கேட்கும். மான் சுடுவது குற்றம் என்று எனக்குத் தெரியும். அதனால் முதலில் சின்னதைத்தான் வைத்திருந்தேன். கறியை நான் ஒருநாளும் விற்றதில்லை. பிள்ளை பெற்ற வீடு, காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் வீடு என்று பார்த்துக் கொடுத்தனுப்புவேன். வெள்ளாட்டுக் கறி என்று சொல்லிவிடுவேன்.

அப்படி ஒருமுறை சுட்ட பெட்டைமான் ஓடிவிட்டது. மூன்றாம் நாள் முத்துமீனாவைத் தோப்புக்குக் கூட்டிப்போயிருந்தேன். வாய்க்கால் ஓரத்தில் அது கிடந்தது. வயிற்றில் புழு வைத்திருந்தது, உயிரும் இருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடப் பார்த்தது. மறுநாள் காலை அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

நான் கோரிப்பாளையத்துக்குப் போனேன். அங்கே துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் அப்துல் ரசாக் பாய் அப்பா காலத்துப் பழக்கம். பன்றிக்கு எந்தத் தோட்டா நல்லது என்று கேட்டேன்.

“எந்தப் பன்றிண்ணே, கொம்பு வச்ச பன்றியா?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். “செல்வக்குமாருண்ணே, சிறுசுன்னா உள்ளேயே தங்கிரும், ஆனா சீவன் லேசுல போகாது. பெருசுன்னா ஒரே அடி, படுத்துரும். ஆனா தோட்டா அதோட நிக்காது. அந்தப்பக்கம் வெளிய வந்து இன்னும் எம்புட்டோ தூரம் போகும். பின்னாடி என்ன இருக்குன்னு பாத்துட்டு விரலை வைங்க.”

அன்றைக்கே சின்னதை எண்ணெய் போட்டுப் பரணில் ஏற்றினேன். என் மனைவி பாண்டீஸ்வரியின் தம்பி கருத்தக்கண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. வேட்டைக்கு என்னோடு வருபவன் அவன்தான்.

“ஊரே கேக்குற மாதிரி வெடிச்சா பாரஸ்ட்காரன் சும்மா இருப்பானா மச்சான்? விட்டா மயக்க ஊசி போட்டுத்தான் சுடணும்பீக போல.”

“ஒரு சத்தம் கேட்டா குவாரி வெடின்னு நெனைப்பாக மாப்ள. ரெண்டு கேட்டாத்தான் வந்து பாப்பாக. ஒண்ணோட முடிச்சா யாருக்கும் தொந்தரவில்ல.”

பதினைந்து வருஷம் ஒவ்வொன்றையும் ஒன்றோடு முடித்தேன். கிட்டத்தில் போகாமல் சுட்டதில்லை. குட்டியோடு நிற்பதைச் சுட்டதில்லை. வெள்ளி, சனி துப்பாக்கியைத் தொட்டதில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் எங்கள் வழியாக இறங்கும்போது வருஷம் தவறாமல் நீர்மோர்ப் பந்தல் போட்டேன். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அழகுபாண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடு மேய்ப்பவன், என்னைவிட ஆறேழு வயது இளையவன். முத்துமீனாவுக்கு ஒன்பது வயதில் தோப்பில் கட்டுவிரியன் கடித்தது. நான் அன்று தல்லாகுளத்தில் பத்திரப்பதிவுக்குப் போயிருந்தேன். அவன்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடினான். பால் வண்டியை மறித்து ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மூன்று நாள் அவனுடைய ஆடுகளை யார் பார்த்தார்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. அவள் கண் திறந்தபோது அவன் வராந்தாத் தரையில் படுத்திருந்தான். வேட்டியும் துண்டும் எடுத்துக்கொண்டு போனேன். வாங்கவில்லை.

“இதுக்கெல்லாமாண்ணே? நாளைக்கி நான் விழுந்து கெடந்தா நீங்க தூக்க மாட்டீகளா?” என்றான்.

தூக்குவேன் என்று சொன்னேன். பதின்மூன்று வருஷம் அந்தச் சொல் என்னிடமே இருந்தது. வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும் எனக்கு அது ஞாபகம் வரும்.

இந்தத் தை மாதம் முத்துமீனாவுக்குச் சம்பந்தம் முடிவானது. தல்லாகுளத்தில் கோர்ட்டில் வேலை பார்ப்பவரின் பையன். நிச்சயதார்த்தத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. அந்த வியாழக்கிழமை விடிகிற நேரம் நானும் கருத்தக்கண்ணனும் போனோம். நான் பெரியதை வைத்திருந்தேன். முயல் கிடைத்தால் பார்ப்போம் என்று அவன் சின்னதையும் இறக்கி எடுத்துவந்தான். பனி இருந்தது. காற்று மலையிலிருந்து எங்கள் பக்கம் அடித்தது. முழங்காலால் ஊர்ந்து அறுபது தப்படி தூரம் வரைக்கும் போனேன். இளம் மான் ஒன்று தனியாக நின்று மேய்ந்துகொண்டிருந்தது. பின்னால் சூரைப்புதர். அதற்கு அந்தப்பக்கம் பனி.

ஒரே அடி. வாயில் புல் இருக்கும்போதே படுத்துவிட்டது. அதற்குத் தெரியவே தெரியாது.

பிறகுதான் புதருக்குப் பின்னால் ஆடுகள் சிதறி ஓடின.

தோட்டா மானைக் கடந்து அழகுபாண்டியின் தொடையில் நுழைந்து வெளியே போயிருந்தது. காணாமல்போன கிடாக்குட்டியைத் தேடி வந்திருக்கிறான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் பயம் போனது.

“அண்ணே, நீங்கதானா. நான் யாரோன்னு பயந்துட்டேன். தூக்குங்கண்ணே.”

கருத்தக்கண்ணன் துண்டைக் கிழித்துத் தொடையை இறுக்கிக் கட்டினான். ரத்தம் குறைந்தது. அதை நான் மறைக்கவில்லை.

“ரெண்டு பேருமாத் தூக்கிருவோம் மச்சான். முக்கா மணி நேரத்துல பெரியாஸ்பத்திரி.”

“மான் கெடந்தா கேஸாயிரும். நீ அதை எடுத்துட்டுக் கெளம்பு. இவனை நான் ரோட்டுக்குக் கொண்டாரேன்.”

அவன் என்னை ஒருமுறை பார்த்தான். அவன் சுமக்க மான் இருந்தது. சின்னத் துப்பாக்கியை வேம்பில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். ரோட்டுக்குத் தூக்கிப்போகிற வழியிலேயே அழகுபாண்டி இறந்துவிட்டான் என்று பிறகு நான் அவனிடம் சொன்னேன். அதற்குமேல் அவனுக்கு எதுவும் தெரியாது. அவனை விட்டுவிடுங்கள்.

நானும் அழகுபாண்டியும் மட்டும் இருந்தோம். ஆஸ்பத்திரியில் கேட்டால் என்ன சொல்வது என்று நான் யோசித்தபோது அவனே சொன்னான்.

“கம்பி குத்திருச்சும்போம்ணே. எவன் கேட்டாலும் உங்க பேரு என் வாயில வராது. புள்ளைக்கி விசேசம் வச்சிருக்கீக.”

அவன் சொல்லமாட்டான் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட மனிதன் அவன். ஆனால் எனக்காக ஒருவன் காலமெல்லாம் பொய்யைச் சுமப்பது சரியில்லை. அந்தப் பாவத்தில் அவனைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பெரியதை எடுத்திருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்திருக்கும். பதினைந்து வருஷமாக நானே சொல்லிவந்தது அதுதான். ஆனால் அன்று காலை ஒரு சத்தம் ஏற்கெனவே ஆகிவிட்டது. சின்னதை எடுத்தேன். நெஞ்சில் வைத்தேன்.

அப்துல் ரசாக் பாய் சொன்னது உண்மை. தோட்டா உள்ளேயே தங்கிவிட்டது, சீவன் லேசில் போகவில்லை.

இன்னொன்று போட்டிருக்கலாமே என்கிறீர்கள். ஒரு மனிதனை இரண்டு தடவை சுட எப்படி ஐயா மனம் வரும்? பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். என் பாட்டிலிலிருந்து வாயை நனைத்தேன். முகத்தில் வெயில் விழுந்ததும் என் துண்டால் மறைத்தேன். முருகன் பேரைக் காதருகே சொல்லிக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிஷம். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மானுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது. அது ஒன்றுதான் எனக்குக் குறை.

ஆடுகளையும் நான் அப்படியே விடவில்லை. எல்லாம் முடிந்தபின் ஒன்றுகூட்டி அவனுடைய கிடைக்குப் போகும் தடத்தில் பத்திவிட்டேன். கிடாக்குட்டி ஓடைப் பள்ளத்தில் நின்றது, அதையும் தூக்கி மந்தைக்குள் விட்டேன். மதியம் அவன் மனைவி சோலையம்மாள் அவனைத் தேடி அலைவாள், உலை வைத்திருக்கமாட்டாள் என்று தோன்றியது. கறியைக் குழம்பு வைக்கச் சொல்லி, ஒரு தூக்குவாளியில் அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அவள் வாய் வைக்கவில்லையாம். அவர் வந்ததும் சேர்ந்து சாப்பிடுகிறோம் என்று மூடி வைத்தாளாம்.

டாக்டர் ரிப்போர்ட்டை நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். நுரையீரலில் தண்ணீர் இருந்தது என்று எழுதியிருக்கிறார். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

எட்டு மணிக்குக் கொய்யா பறிக்க ஆட்கள் வருவார்கள். அதுவரை காத்திருக்க முடியாது. அவனுக்குக் குரல் போய்விட்டது, ஆனால் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்துக் கேட்டேன். தூக்குங்கண்ணே என்றுதான் சொன்னான். ஆகவே தூக்கினேன். அவன் என் மகளைப் போட்டுக்கொண்ட மாதிரியே தோளில் போட்டுக்கொண்டேன். பழைய குவாரிப் பள்ளம் அரை மைல் இருக்கும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, முட்டி வலி உண்டு. ஆனாலும் வழியில் ஒரு இடத்தில்கூட இறக்கி வைக்கவில்லை. அவன் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டே வந்தது. விளிம்புக்குப் போனதும், முதுகு பாறையில் உரசாமல் மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டேன்.

அவனுக்குக் கொடுத்த வாக்கு அன்றோடு தீர்ந்தது. அங்கே பார்த்தவர் யாரும் இல்லை. நாலு பேர் பார்த்து மெச்ச வேண்டும் என்று நான் எதையும் செய்ததில்லை, ஐயா.