ஆப்பிரிக்கப் பாடத்துக்குப் படம் தேடிப்போன சையத் இப்ராஹிம் சார்

மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, ஜமாத்தார்களே, மஞ்சக்குட்டையிலிருந்து மழையில் நனைந்து வந்திருக்கும் பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே! அறிவியல் ஆசிரியை ஞானசுந்தரி பேசுகிறேன். நம் புவியியல் ஆசிரியர் சையத் இப்ராஹிம் சார் நம்மை விட்டுப் போய்விட்டார். எதற்காகப் போனார்? அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் கண்ணாயியைப் பிள்ளைகள் "ஏய், ஆப்பிரிக்கா!" என்று கூப்பிட்டார்கள். பெயரைச் சொல்லலாம் என்று அவளே சொன்னதால் சொல்கிறேன். நிறத்தைச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் பள்ளியை விட்டு, தாய் முத்தாயியோடு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போய்விட்டாள்.

சார் யாரையும் அடிக்கவில்லை. பாடப்புத்தகத்தில் ஆப்பிரிக்கப் பாடத்தை விரித்து என் முன்னால் வைத்தார். "பிள்ளைங்களைச் சொல்லி என்னங்க டீச்சர் பண்றது? காடு, சிங்கம், பஞ்சம். இதைத்தானுங்களே நாம சொல்லிக் குடுத்தோம்?" என்றார்.

அன்று தொடங்கியது நல்ல படங்களுக்கான தேடல்! சனிக்கிழமைதோறும் மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கினார். நூலகத்தில் தேடினார். பழைய புத்தகக் கடைகளில் தேடினார். கிடைத்ததெல்லாம் வேட்டைக்கதைகள்! ஒரு பள்ளிக்கூடம், ஒரு சந்தை, பிள்ளைக்குச் சோறூட்டும் ஒரு தாய், அப்படி ஒரு படம்கூடவா இல்லை? இல்லை!

கடைசியில், கோயமுத்தூரில் படிக்கும் தான்சானியா மாணவர் ஜோசப்பைக் கண்டுபிடித்து மலைக்கே அழைத்து வந்தார். முத்தாயியிடம் கெஞ்சிக் கேட்டுக் கண்ணாயியையும் வகுப்புக்குக் கூட்டி வந்தார். கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் தன் அம்மாவும் காப்பிப் பழம் பறிப்பதாக ஜோசப் ஆங்கிலத்தில் சொல்ல, சார் தமிழில் சொன்னார்.

கண்ணாயி எழுந்தாள். "ஏனுங்க, உங்கம்மாளுக்கும் இடுப்பு நோவுமுங்களா?"

ஜோசப் சிரிக்கவில்லை. "தினமும் நோகும். ஊரில் இருந்தால் நான்தான் தைலம் தேய்ப்பேன்" என்றார். மறுநாளிலிருந்து கண்ணாயி பள்ளிக்கு வருகிறாள்.

விடுமுறைக்கு ஊர் போய்த் திரும்பிய ஜோசப், நம் பள்ளிக்கென்று வரைபடமும் படங்களும் கொண்டுவந்திருந்தார். கோயமுத்தூர் போய் அவற்றை வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான், குப்பனூர் சாலையில், கொட்டும் மழையில், சார் வந்த ஜீப் பள்ளத்தில் உருண்டது.

ஐயோ, என்ன கொடுமை! படங்களும் சேற்றில் கூழாகிவிட்டன. துக்கம் கேட்கப் போன என்னிடம் அவர் மனைவி ஜமீலா கேட்டார்: "ஏனுங்க டீச்சர், அந்தப் படமாவது பொழைச்சுதுங்களா?"

நல்லாசிரியர் என்று புகழ்ந்துவிட்டு நாம் கலைந்துவிடலாமா? அடுத்த மாதம் ஆப்பிரிக்கப் பாடம் வருகிறது. சுவரில் மாட்ட நம்மிடம் ஒன்றுமில்லை. அந்த வகுப்பை நான் எடுக்கிறேன். சனிக்கிழமை கோயமுத்தூர் போகிறேன். சார் இறந்தது ஜோசப்புக்கு இன்னும் தெரியாது. முதலில் அதைச் சொல்ல வேண்டும். பிறகு மறுபடியும் படம் கேட்க வேண்டும். தனியாகப் போக எனக்குத் தெம்பில்லை.

உங்களில் யார் என்னோடு வருகிறீர்கள்?