காவித் தண்ணீர் போன வழி

என் பெயர் காத்தவராயன். தகப்பனார் பெயர் முனியன், காலஞ்சென்றவர். வயது சுமார் நாற்பத்திரண்டு. சொந்த ஊர் வட ஆற்காடு ஜில்லா குடியாத்தத்துக்குப் பக்கம். இங்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. தங்கச் சுரங்கத்தில் பம்பு வேலை பார்க்கிறேன். மாரிகுப்பத்தில் சுரங்க ஆட்கள் குடியிருக்கும் மேல்லைன் வரிசையில் கடைசி வீடு எனக்குச் சொந்தம். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்வதைப் போலீஸ் ஏட்டய்யா எழுதுகிறார். உட்கார்ந்து சொல்லச் சொன்னார். எனக்கு இன்று உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே சொல்கிறேன்.

மேற்படி வீட்டை இந்த வருஷம் தை மாதம் கட்டி முடித்தேன். எங்கள் லைனில் கல் பலகை போட்டு மூடிய சாக்கடை ஒன்று ஓடுகிறது. இருபது வீட்டுக்கென்று கட்டியது, இப்போது அறுபது வீட்டுத் தண்ணீர் அதில் விழுகிறது. என் வீட்டுக் குளிக்கிற இடத்துத் தண்ணீரையும் அதில் சேர்க்க அனுமதி கேட்டு மூன்று முறை மனுக் கொடுத்தேன். மூன்று முறையும் சுகாதார மேஸ்திரி கோவிந்தன் வந்து, என் வீட்டெதிரே ஒரு கல்லை மட்டும் தூக்கிப் பார்த்து, சாக்கடை நிறைந்து நிற்கிறது, புது வீட்டுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் முறை கதவில் ஒரு நோட்டீஸும் ஒட்டினார். முற்றத்தில் அழுக்குத் தண்ணீர் தேங்குவது பிளேக் சட்டப்படி குற்றம், பத்து நாளில் சரிசெய்யாவிட்டால் வீட்டைப் பூட்டி முத்திரை வைப்போம் என்று அதில் இருப்பதாகப் படித்துக் காட்டினார். வெளியே விடவும் கூடாது, உள்ளே வைக்கவும் கூடாது என்றால் அதை நான் குடிக்கவா முடியும் என்று கேட்டேன். அவர் சிரித்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

என் மகள் பார்வதம்மா முதல் பிரசவத்துக்கு வந்து எங்கள் வீட்டில் இருக்கிறாள். எட்டு மாதம் முடிந்துவிட்டது. வீட்டைப் பூட்டிவிட்டால் அவளை எங்கே படுக்க வைப்பது என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் நானும் என் மனைவி தாயம்மாவும் அழுக்குத் தண்ணீரை டின்னில் மொண்டு, தலையில் சுமந்து, ஊருக்குக் கீழே பள்ளத்தில் கொட்டினோம். ஒருவர் குளித்தால் நாலு நடை. இதைப் பார்த்த என் மகள் குளிப்பதையே நிறுத்தப் பார்த்தாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தச் சாக்கடை அதே பள்ளத்தில்தான் போய் விழுகிறது. ஒருநாள் டின்னைக் கவிழ்த்துவிட்டு அதன் வாயைப் பார்த்தேன். கைவிரல் பருமன்தான் தண்ணீர் வந்தது. மேலே முட்ட முட்ட நிற்கிறது, கீழே விரல் பருமன் வருகிறது என்றால் நடுவில் அடைப்பு இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்துக் காட்டினால் அனுமதி கிடைக்கும் என்று நினைத்தேன். இதில் கோவிந்தனின் முகத்தில் கரி பூசும் ஆசையும் எனக்கு இருந்தது. அதை ஏட்டய்யா கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

சுரங்கத்தில் ஒரு லெவலில் தண்ணீர் கசிந்தால், மேல் லெவலில் காவி மண்ணைக் கரைத்து ஊற்றி, கீழே ஆள் நிறுத்திப் பார்ப்போம். அதேபோல் இன்று வெள்ளிக்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு இரண்டு டின் காவி கரைத்துச் சாக்கடையின் மேல்முனையில் ஊற்றினேன். தாயம்மாவைக் கீழே வாயருகில் நிறுத்தியிருந்தேன். அதன்பின் வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். வெகுநேரம் கழித்து தாயம்மா ஏறி வந்து, சிவப்பாக ஒரு சொட்டும் வரவில்லை என்றாள்.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கீழ்லைன் பொதுக்கிணற்றடியில் கூச்சல் எழுந்தது. கிருஷ்ணம்மா என்பவள் இறைத்த தண்ணீர் சிவப்பாக வந்ததாம். காலரா வந்தால் கிணற்றில் சிவப்பு மருந்து போடுவார்கள், ஆட்களை முகாமுக்குக் கொண்டுபோவார்கள் என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். அதன்பின் கீழ்லைன் முழுவதும் அடுப்பை அப்படியே விட்டு, மூட்டை கட்டி, ஆட்டை இழுத்துக்கொண்டு ரயில் ஸ்டேஷனுக்கு ஓடியது. மத்தியான ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர்களில் பாதிப்பேர் பங்காருபேட்டை வண்டியில் ஏறிவிட்டார்கள். நெரிசலில் ஒரு கிழவர் விழுந்து கை முறிந்தது. அதற்காக நான் மிகவும் வருந்துகிறேன்.

நானும் பின்னால் ஓடி, அது மருந்து இல்லை, நான் கரைத்த காவி என்று கத்தினேன். அங்கே இருந்த கோவிந்தன் என் சட்டையைப் பிடித்தார்.

"இன்னாய்யா, கெணத்துல போயா கரைச்ச?"

"கெணத்துல இல்லீங்க. சாக்கடையில."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. காவி போன வழியில்தான் அழுக்கும் கிணற்றுக்குப் போகிறது என்று கூட்டத்துக்கும் புரிந்தது. கிருஷ்ணம்மா ஊருக்குக் கொண்டுபோக இடுப்பில் குடம் வைத்திருந்தாள். அதில் இருந்தது காலையில் இறைத்த நல்ல தண்ணீர். அதைப் பிளாட்பாரத்திலேயே கவிழ்த்தாள்.

அதன்பின் கோவிந்தன் என்னை இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து, நான் கிணற்றில் காவி கலந்ததாகப் புகார் கொடுத்தார். நான் கிணற்றின் பக்கமே போகவில்லை. நம்பாவிட்டால் அவர் முன்னிலையில் மறுபடி ஊற்றிக் காட்டுகிறேன். மேலேயிருந்து எதை இறக்கினாலும் கீழே இருப்பவனுக்கு முதலில் மணி அடிப்பது சுரங்க வழக்கம். இன்று கீழ்லைனுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் ஊற்றினேன். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

நாங்களும் அந்தக் கிணற்றில்தான் எடுக்கிறோம். அனுமதி கிடைத்திருந்தால் என் வீட்டு அழுக்கையும் என் மகளுக்கே குடிக்கக் கொடுத்திருப்பேன். ஆகையால் என் மனுவை வாபஸ் வாங்குகிறேன். வீட்டைப் பூட்டுவதானால் பூட்டட்டும், கிணற்றை முதலில் பூட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நடுவில் எனக்கு நாக்கு வறண்டதால் ஏட்டய்யா தம்ளரில் தண்ணீர் கொடுத்தார். எந்தக் கிணறு என்று கேட்டேன். கீழ்லைன் கிணறு, விடியற்காலையில் எடுத்தது, தெளிவாகத்தான் இருக்கிறது, தாமும் இப்போதுதான் குடித்ததாகச் சொன்னார். நான் குடிக்கவில்லை. அவர் பேனாவை வைத்துவிட்டுத் தம்ளரைப் பார்த்தார். இதையும் எழுதச் சொன்னேன், எழுதினார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உண்மை என்பதற்கு என் கைநாட்டு.

காத்தவராயன், கைநாட்டு
மாரிகுப்பம், 1902-ஆம் வருஷம் செப்டம்பர் 12