படகில் விடப்பட்ட தகப்பன்

மணியில் கை வைத்தபடியே புன்னகைக்கும் தலைவர் அவர்களே! நான் வாய் திறக்கும் முன்பே எனக்காக ஜெபித்து முடித்துவிட்ட ஆயர் அவர்களே! நரைத்தும் நிமிர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளைப் பெற்றதோடு நில்லாமல் எங்களையும் பொறுத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! தம்பிமாரே, தங்கைமாரே! எட்டாம் வகுப்பை எட்டிப் பார்த்ததோடு ஏட்டை மூடிவிட்ட இந்த எளியவன், உங்கள் அத்தனை பேரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

தகப்பன்மார் கூட்டத்தில் நம் வழக்கம் தெரிந்ததுதான். வேதத்தில் வரும் தகப்பன்மாரின் பெயர்களைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவோம். கைக்கு வந்தவரைப் பற்றிப் பேச வேண்டும். எலக்ட்ரீஷியன் தம்பிக்கு ஆபிரகாம் வந்தார். பால்கடை அண்ணனுக்கு யாக்கோபு வந்தார். பன்னிரண்டு ஆண்பிள்ளை பெற்றவர், பேச்சுக்குப் பஞ்சமில்லை. எனக்கு யார் வந்தார்? செபதேயு வந்தார்!

சிரியுங்கள், சிரியுங்கள். என் கடையில் வேலை செய்கிறவரும் சிரித்தார். "மொதலாளி, அந்த மனுஷன் வேதத்துல ஒரு வார்த்தைகூடப் பேசலையே, நீங்க என்னத்தப் பேசப் போறீங்க?" என்றார். என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "ஏன், ரெண்டு பேருக்கும் பொருத்தமாத்தானே இருக்கு. ஊருக்கெல்லாம் தார்ப்பாய் தைக்கிறவரு, தன் வாயையும் சேத்துத் தச்சுக்கிட்டாரு."

அன்று மாற்கு சுவிசேஷத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். மெதுவாகப் படிப்பவனுக்கு ஒரு லாபம் உண்டு, எதையும் தாண்டிப் போக முடியாது. கடலோரம் ஒரு படகு. அதில் இரண்டு பிள்ளைகள் வலையைச் சீர்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். இயேசு கூப்பிடுகிறார். தகப்பன் செபதேயுவைக் கூலியாட்களோடு படகில் விட்டுவிட்டு, அவர்கள் அவர் பின்னே போய்விடுகிறார்கள். அவ்வளவுதான் கதை.

போனவர்களைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்! படகில் இருந்தவரை யார் பார்த்தோம்? பாதி தைத்த வலை யார் மடியில் கிடந்தது? மீதியை யார் தைத்தது?

என் தொழில் உங்களுக்குத் தெரியும். லாரிக்குப் பெரிய தார்ப்பாயைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால், மேலே ஒருவர், கீழே ஒருவர். மேலே இருப்பவர் ஊசியைக் குத்தி இறக்குவார். கீழே இருப்பவர் வாங்கி, திருப்பிக் குத்தி அனுப்புவார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பள்ளிப்படிப்பு முடிந்த நாளிலிருந்து கீழே இருப்பது என் மகள்.

போன மாதம் பாய்க்கு அடியிலிருந்து அவள் குரல் வந்தது. "அப்பா, சாகக் கெடக்குறவங்களப் பாத்துக்கிற ஒரு எடம் இருக்குன்னு சொன்னேன்ல, அங்க வரச் சொல்லிட்டாங்க. நான் போகணும்ப்பா."

நான் என்ன சொன்னேன்? ஊசியைக் குத்தினேன். அவள் திருப்பி அனுப்பினாள்.

போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் முழுக்க ஊசி போனது, ஊசி வந்தது. வார்த்தை போகவில்லை, வார்த்தை வரவில்லை. செபதேயுவும் பேசவில்லை, நானும் பேசவில்லை, இருவரும் ஒன்று என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஒன்றா, பெரியோர்களே? இரண்டு பேருடைய மௌனமும் ஒன்றா?

மற்ற சுவிசேஷங்களையும் தள்ளிப் படித்தேன். அந்தப் பிள்ளைகளின் தாய் இயேசுவின் பின்னே சிலுவை வரைக்கும் போயிருக்கிறாள். வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் போயிருப்பாளா? இயேசு உயிர்த்தெழுந்த பிறகு, அதே பிள்ளைகள் மறுபடியும் படகேறி மீன்பிடிக்கப் போகிறார்கள். யாருடைய படகு? யாருடைய வலை? வேதம் சொல்லவில்லை; நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அத்தனை மீன் ஏறியும் அந்த வலை கிழியவில்லை என்று எழுதியிருக்கிறது. கவனிப்பாரற்றுக் கிடந்த வலை அப்படி நிற்குமா? யாரோ கரையில் உட்கார்ந்து கண்ணி கண்ணியாகப் பார்த்துத் தைத்திருக்கிறார்கள். அது ஒரு தகப்பனாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அவருடைய மௌனம் திறந்த கை. என்னுடைய மௌனம் தாழிட்ட கதவு.

என் மகள் கடைசி வரிசையில் இருக்கிறாள். காலடியில் பை. கூட்டம் முடிந்ததும் பஸ். தாய்மார்களே, திரும்பிப் பார்க்காதீர்கள், கூச்சப்படுவாள்.

பாப்பா, போயிட்டு வாம்மா. நல்ல வேலைக்குத்தான் போற. பாய்க்கு அடியில இனிமே யார் உக்காந்தாலும் அது உன் எடம்தான். உன் ஊசிய நான் துருப்பிடிக்க விடமாட்டேன்.

பாருங்கள், இத்தனை பேர் முன்னால் வந்த வார்த்தை, ஒரு பாய் கனம் இடைவெளியில் எனக்கு வரவில்லையே! ஒரு மாதம் கையில் இருந்தது. அவள் சின்ன வயதில் எதற்குப் பயந்தாள், அங்கே போய் எதற்குப் பயப்படுவாள், எல்லாம் பேசியிருக்கலாம். இப்போது எனக்கு மிச்சம், இந்த வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் உள்ள தெரு. அதுவும் குட்டைத் தெரு.

தலைவர் அவர்களே, மணியடிக்க வேண்டாம். எனக்குத் தந்த நேரத்தில் பாதியை உங்களுக்கே திருப்பித் தருகிறேன். மீதிப் பேச்சு அந்தத் தெருவில் இருக்கிறது. பையை நான்தான் தூக்க வேண்டும். பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு என் நன்றி, வீட்டில் வாய்மூடியிருக்கும் தகப்பன்மாருக்கு என் வணக்கம். கொஞ்சம் வழிவிடுங்கள்.