எட்டாம் நாள் பார்த்த கொப்புளம்

— உக்காரச் சொல்லாதீங்க கமலவேணிம்மா. உங்க மூஞ்சியில முழிக்கவே வெக்கமா இருக்கு. நாலு வருசம் முன்னாடி உங்க பொண்ணுக்கு அம்மை குத்தினவன் நான். இன்னிக்கு அவளே பெரியம்மையில கெடக்குறா.

— நீங்க என்ன பண்ணுவீங்க, பாலசுந்தரம் ஐயா.

— அப்ப யுத்த சமயம் பாருங்க. குத்துற மருந்து, அந்த அம்மைப்பால் வந்து சேரவே ரெண்டு நாளாகும். அரியலூர் ஸ்டேஷன்ல எறக்கி, ஈரத்துணி சுத்தி, சைக்கிள்ல கொண்டாந்தேன். வழியில சூடுபட்டுக் கெட்டுப்போச்சோ என்னவோ. அன்னிக்கு இந்த ஊர்ல முப்பத்தெட்டு பேருக்குக் குத்தினேன். எத்தன வருசம் தாங்குதுன்னு வூடு வூடாப் பாத்துட்டுதான் வரேன். உங்க பொண்ணத் தவிர ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல.

— அப்ப பால் நல்லாத்தானே இருந்திருக்கு?

— யாரு நம்புறா? ‘பெரிய வூட்டு ஜெயலட்சுமிக்கே நிக்கல, நமக்கு எங்க நிக்கப்போவுது’ங்குறாங்க. ஒரு புள்ள கைய நீட்ட மாட்டேங்குது. வரதராஜன்பேட்டையில நேத்து மட்டும் மூணு சாவும்மா! இங்க குத்தாத புள்ளைங்க இருவது இருக்கு. சாயங்காலம் ஆபீசருக்கு எழுதிடறேன், என் தப்புதான்னு.

— எழுதாதீங்க.

— வேற என்னத்த எழுத?

— உங்க தப்பு இல்லய்யா. நீங்க குத்திட்டுத் தெரு திரும்புறதுக்குள்ள அவ கையில எலுமிச்சம்பழத்தத் தேச்சுக் கழுவிட்டேன்.

— எட்டாம் நாள் வந்து பாத்தேனே! கொப்புளம் இருந்துச்சே!

— சேராங்கொட்ட. துணிக்குக் குறி போடுவாங்களே, தோல்ல பட்டா கொப்புளிச்சுப் போவுமே, அதான். ஊசியில தொட்டு மூணு புள்ளி வச்சேன்.

— அடப்பாவமே... நாலு நாளாத் தூக்கமில்லம்மா எனக்கு.

— முன்ன பொறந்தது ரெண்டும் தங்கல. குத்தினா காய்ச்சல் வரும்னீங்க, பயந்துட்டேன். எனக்கே என்ன நெனச்சா கூசுது.

— இத மாரியாயி கோயில்ட்ட நின்னு சொல்லுவீங்களா? நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும், அத்தன புள்ளைங்களும் கைய நீட்டும்.

— சொல்றேன். மானம் போனாப் போவட்டும். அதுக்கு முந்தி... உள்ள கொளஞ்சி இருக்கா.

— உங்க வயல்ல நடவுக்கு வருமே, அந்தக் கொளஞ்சியம்மாவா? இருக்கட்டும், அதுக்கும் குத்தியிருக்கேன். மூணு நாள் முன்ன தழும்பப் பாத்துட்டுத்தானே பொண்ணுக்குத் தொணையா உள்ள அனுப்பினேன்.

— அவளும் அன்னிக்குப் பயந்தாய்யா. அவ கையயும் நான்தான் கழுவிவிட்டேன். அதே கொட்டதான்.

— ஐயோ! தெரிஞ்சுமா உள்ள போச்சு?

— ‘புள்ள தண்ணி கேட்டு அழுவுதும்மா, நான் போறேன்’னு போயிட்டா. நான் வாயத் தொறக்கல.

— மொதல்ல கூப்புடுங்க அத. மூணு நாள்தான் ஆவுது, இப்பவே குத்தினா தப்பிச்சாலும் தப்பிச்சுக்கும். அப்புறம் பொண்ண யாரு பாக்குறது? நெசமாக் குத்திக்கிட்ட ஆளு இந்த வூட்டுல யாரும் இருக்காங்களா?

— இருக்காய்யா. பொறந்த வூட்டுல ஒரு தடவ, கல்யாணமாகி வந்தப்புறம் ஒரு தடவ, ரெண்டு தடவ குத்திக்கிட்டவ. மூணு நாளா அவ கெடக்குற அறை வாசப்படியத் தாண்டாம உங்க முன்னாடி நிக்கிறேனே, நான்தான்.