ஆடாத முள்

— மெஷினை நிறுத்துன்னு போன்ல கத்துறேன், நீ என்னடான்னா சிரிக்கிறே.

— சிரிக்காம? ஆறாம் வேகத்துல ஓட்டலாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது யாரு, கணக்குப்பிள்ளை? என் தங்கச்சிதானே?

— நான்தாண்ணா. தப்பா எழுதிட்டேன்.

— அட விடும்மா. காலையிலேருந்து ஆறுலதான் ஓடிட்டிருக்கு. முதலாளி நின்னு பார்த்துட்டு இப்பத்தான் டீ குடிக்கப் போனார். வந்ததும் நிறுத்திட்டேன்னு சொல்லச் சொல்றியா?

— அண்ணி எங்க நிக்கிறாங்க?

— எங்க நிப்பா, பசை வர்ற வாய்க்கு நேர் எதிர்லதான். தாளைப் பிடிச்சு விடுறா. அவளை எதுக்கு இழுக்குறே?

— நான் சொல்றதைக் கேளு. இந்தப் பசை தண்ணி மாதிரி இல்ல. இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். அது உன் மெஷின் குழாய்ல எப்படி ஓடும்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்தேன்ல? நாலாம் வேகத்தைத் தாண்டினா, குழாய் ஒடுங்குற மூலையில கணக்கு வெடிச்சுடும்.

— வெடிச்சுடுமா?

— எண்ணு கன்னாபின்னான்னு ஏறி, அப்படியே நின்னுடும். கணக்குலதான் கோளாறுன்னு நினைச்சு, ஏத்த இறக்கத்தை மழுப்புற மாதிரி ப்ரோகிராம்ல ஒரு வரி சேர்த்தேன். எங்க வேலையில எல்லாரும் பண்றதுதான். அப்புறம் வெண்ணெய் மாதிரி ஓடிச்சு.

— ஓடிச்சுல்ல? அப்புறம் என்ன?

— இன்னிக்கு அந்த வரியை எடுத்துட்டு, கணக்குல குழாயை இன்னும் பொடிப்பொடிக் கட்டமா நறுக்கி ஓட்டினேன். அதே மூலை, அதே வேகம், மறுபடி வெடிக்குது. கணக்கு சரியாத்தாண்ணா சொல்லிருக்கு. நான்தான் அது வாயை அடைச்சுட்டேன்.

— பயமுறுத்தாதே. ஆறுல ஓட்டிக் காட்டலேன்னா இந்த மெஷினை என்கிட்டேருந்து பிடுங்கிடுவாங்க, தெரியும்ல?

— தெரியும். ஒண்ணே ஒண்ணு சொல்லு. உள்ள பசை எவ்வளவு முட்டுதுன்னு காட்டுற முள்ளு இருக்கே, அது எப்படி இருக்கு?

— ஆணி அடிச்ச மாதிரி நிக்குது.

— துளிகூட ஆடலையே?

— ஆடலைம்மா. கண்ணெதிர்லதானே இருக்கு.

— அப்பாடா. உயிரே போயிடுச்சுண்ணா. அந்த மூலையில பசை இறுகி இறுகி விட்டா, முதல்ல முள்ளுதான் துடிக்கும். துடிக்கலேன்னா என் கணக்குதான் எங்கயோ சொதப்பல். நீ ஓட்டு. முதலாளிக்கு நல்லாக் காட்டு. சாயந்திரம் வந்து நானே திட்டு வாங்கிக்கிறேன்... அண்ணா? லைன்ல இருக்கியா?

— துடிச்சா?

— துடிச்சா எந்த நேரமும் குழாய் பிளந்துக்கும். ஏன் கேக்குறே?

— காலையில ஆறுக்கு ஏத்தினதும் பேய் பிடிச்ச மாதிரி ஆடிச்சும்மா. முதலாளி பார்த்தா என்ன நினைப்பார்னு, முள்ளுக்குப் போற சின்னக் குழாயை நான்தான் மூடி வச்சேன்.